சம்மனசுபட்டியில் கொடி தூங்கிய காலம்

கப்பலேறி இத்தாலிக்குப் போன கஸ்பாரே, போன வேகத்தில் சம்மனசுபட்டிக்குத் திரும்பி வந்ததற்குக் காரணம் தன்மேல் வைத்த ஆசைதான் என்று பிரகாசி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா எஸ்தாக்கியைக் கேட்டால் பங்காளித் தகராறு என்பார். இரண்டும் உண்மைதான். உலகச் சண்டையில் இத்தாலிச் சிப்பாயாகப் பிடிபட்டு பெங்களூர்ப் பக்கம் முள்வேலி முகாமில் கிடந்த கஸ்பாரேயை, யுத்தம் முடிந்ததும் அதே தேசத்துக்காரரான பங்குச்சாமியார் கம்பம் பள்ளத்தாக்குக்குக் கூட்டிவந்து கோயிலுக்கு மணிக்கூண்டு கட்டச் சொல்ல, அந்தக் கூண்டுக்குச் சுண்ணாம்பு சுமந்த பெண்களில் ஒருத்தியான பிரகாசியின் நடையைப் பார்த்துப் பார்த்தே அவர் கூண்டை ஒரு சாண் சாய்த்துக் கட்டி முடித்துவிட்டு ஊருக்குப் போனார். போன இடத்தில், அப்பா விட்டுச்சென்ற திராட்சை மலையை அண்ணன்மார் கூறுபோட்டு, இவர் பங்குக்குப் பாறையை மட்டும் மிச்சம் வைத்திருந்தார்கள். அவர் அந்த மலையிலேயே மூத்த கொடியிலிருந்து ஒரு கட்டுக் குச்சிகளை நறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு அடுத்த கப்பலைப் பிடித்தார். இந்தக் கதையைக் கேட்டபோது சம்மனசுபட்டிக்கு மனசு நிறைந்துபோனது. வெள்ளைக்காரன் தேசத்திலும் பங்காளி பங்காளிதான் என்று தெரிந்ததில் எல்லாருக்கும் ஒரு ஆறுதல்.

பிரகாசிக்கும் அவருக்கும் சாமியார் கல்யாணம் செய்துவைத்தார். சொந்தபந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு நாதி இல்லாத மாப்பிள்ளை என்பதால் ஊர் முழுக்கவே அவருக்கு மாமனார் வீடானது. அங்கே அது சின்ன விஷயம் இல்லை. மாப்பிள்ளை முகம் கோணினால் வீட்டுக்குக் குறை, கோபித்துக்கொண்டு போய்விட்டாலோ ஊருக்கே குறை. முன்பொரு தடவை, தன் இலையில் வைத்த அப்பளம் மட்டும் உடைந்திருந்தது என்று எழுந்துபோன ஒரு மாப்பிள்ளைக்காக, பெரியவர்கள் வண்டி கட்டிக்கொண்டு உத்தமபாளையம் வரை போய், முழு அப்பளமாகப் பொறுக்கி எடுத்த ஒரு கூடையை அவர் முன்னால் வைத்து, காலில் விழாத குறையாகக் கூட்டிவந்த ஊர் அது. கஸ்பாரே இந்தச் செல்வாக்கெல்லாம் அறியாதவர். நாயைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார்.

எஸ்தாக்கி ஆற்றுத் தண்ணீர் பாயும் தன் நிலத்தில் பாதியை மகளுக்கு ஒதுக்கினார். கஸ்பாரே அதில் வீடு கட்டி, வாசலில் தொடங்கி வரப்பு வரைக்கும் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டு, ஈரச் சாக்கில் வந்த குச்சிகளை ஊன்றினார். இத்தாலித் தோட்டம் என்று ஊர் அதற்குப் பெயர் வைத்தது. கொடி பிடித்துக்கொண்டது, பந்தலை மூடியது, பகலிலேயே உள்ளே இருட்டாகும்படி தழைத்தது, ஆனால் ஒரு பிஞ்சு விடவில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் பன்னீர் திராட்சை வருசத்துக்கு இரண்டு காய்ப்பு, மூன்று காய்ப்பு என்று கொட்டிக்கொண்டிருக்க, "மாப்பிள்ளை ஆட்டுக்குத் தழை வளக்காரு" என்று ஊர் அவர் காதில் விழாமல் சிரித்துக்கொண்டது. அவர் இளைத்துப்போனார். சாயங்காலங்களில் மதுரை பஸ் வந்து நிற்கும் இடத்துக்குப் போய், பஸ் திரும்பிப் புறப்படும்வரை அதையே பார்த்துவிட்டு வருவார். என்றைக்காவது இந்த மனுசன் அதில் ஏறிவிடுவார் என்பதுதான் பிரகாசிக்கு இருந்த பெரிய பயம், அதற்கு முன்னால் மற்ற பயங்களெல்லாம் தூசு.

"ஏங்க, என்னதான் அதுக்குக் கொற?" என்று ஒருநாள் கேட்டாள்.

"தூங்கல, பிரகாசி," என்றார் கஸ்பாரே. "எங்க ஊர்ல குளிர் வரும், பனி கொட்டும். கொடி இலையெல்லாம் உதுத்துட்டு மூணு மாசம் தூங்கும். தூங்கி முழிச்சாத்தான் காய்க்கும். இங்க அது பொறந்ததுலேருந்து கண்ண மூடல."

பிரகாசிக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது. தூங்காத பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பொம்பளைக்குத் தெரியாது? கார்த்திகை மாதம், சோறு உண்டு ஊர் சாய்ந்திருந்த மத்தியான நேரத்தில் பந்தலுக்குள் போய், மூத்த கொடியின் அடித்தண்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, உன் பெரியப்பன்மார் மலையைத் தின்றார்கள், உனக்குப் பாறையைக் கொடுத்தார்கள், அந்தப் பாறையில் அவர்கள் பல் உடையட்டும், நீ தூங்கு என்று தாலாட்டு பாடினாள். மறுநாளும் பாடினாள், அதற்கு மறுநாளும் பாடினாள். திட்டுவதற்குப் பெரியப்பன்மார் தீர்ந்துபோனதும் கப்பல்காரனைத் திட்டிப் பாடினாள். அப்படிப் பாடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் இலைகள் பழுத்துக் கொட்டின, அவள் வாயிலிருந்து புகை வந்தது, பந்தலுக்கு அடியிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் பனி இறங்கித் தரையை மூடியது. கல்தூணுக்கு இந்தப் பக்கம் பனி, அந்தப் பக்கம் பாயில் காய்ந்துகொண்டிருந்த மிளகாய் வற்றலில் சுள்ளென்று வெயில். பிரகாசி பாட்டை நிறுத்திவிட்டு, குரல் எழுப்பாமல் எழுந்துபோய்ப் புருசனைக் கூட்டிவந்தாள். பிள்ளை தூங்கியதும் தாய் வேறென்ன செய்வாள்?

கஸ்பாரே பனியில் மண்டியிட்டு அழுதார். எஸ்தாக்கி குடை எடுத்துக்கொண்டு வந்தார். பங்குச்சாமியார் வந்து கையில் ஏந்திப் பார்த்து, இது தன் அம்மா வீட்டுப் பனியேதான் என்று சான்று சொல்லிவிட்டுப் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று போனார். ஊர் அதற்கு 'மாப்பிள்ளைப் பனி' என்று பெயர் வைத்து வேலையைப் பார்க்கத் தொடங்கியது. பால்காரர்கள் கேனைக் கொண்டுவந்து தூணோரம் புதைத்தார்கள், பூக்கட்டுகிறவர்கள் மல்லிகைக் கூடையை வைத்தார்கள், காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தாய்மார் தூக்கிவந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார்கள், குரங்குக் குல்லா வாங்கிவைத்து வருசக்கணக்காகப் போட வாய்ப்பில்லாமல் இருந்தவர்கள் அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போய், நடுங்கியபடி ஒரு டீ குடித்துவிட்டு வெளியே வந்து வேர்வையைத் துடைத்தார்கள். பெய்கிறதுதான் பெய்கிறது, எல்லார் நிலத்திலும் பெய்தால் ஆகாதா என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். அதிசயமே ஆனாலும் குறை சொல்ல நாலு பேர் இல்லாவிட்டால் அது ஊரா?

இவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்க, அதைக் கொண்டாடாமல் விட்டால் மாப்பிள்ளை என்ன நினைப்பார் என்று ஊர் கூடி யோசித்தது. சம்மனசுபட்டிக்குக் கொண்டாட்டம் என்றால் மைக்செட். காதுகுத்து, பூப்பு, புதுக்கிணறு, தொலைந்த எருமை திரும்பி வந்தது, எல்லாவற்றுக்கும் மைக்செட் வீரணன்தான் வருவான். அவன் பிரகாசியோடு சின்ன வயதில் ஆற்றில் குதித்து விளையாடியவன், ஆகையால் இந்த முறை மனசார வேலை செய்தான். பந்தலின் நாலு மூலையிலும் கூம்புக் குழாய்களைக் கட்டினான், கொடி நெடுகச் சூடு பறக்கும் வண்ண பல்பு மாலைகளைச் சுற்றினான், மூன்று நாள் பகலும் இரவும் பாட்டு ஓடவிட்டான், இடையிடையே "இத்தாலி மாப்பிள்ளை கஸ்பார் அவர்களை ஊர் சார்பாக வாழ்த்துகிறோம்" என்று தன் குரலிலேயே முழங்கினான். மூன்றாம் நாள் பனி நின்றது. மொட்டுகள் அவசர அவசரமாகத் திறந்து, வெளி வெயிலைப் பார்த்து, கருகி உதிர்ந்தன.

கஸ்பாரே வீட்டுக்குள் போய்த் தகரப் பெட்டியை எடுத்து, சட்டைகளை மடித்து அடுக்கத் தொடங்கினார். பிரகாசி கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"சத்தம், பிரகாசி," என்றார் அவர். "இந்த ஊர்ல சத்தம் ரொம்ப. சத்தத்துல கொடி எப்படித் தூங்கும்? அது எழுந்துருச்சு. இங்க அது காய்க்காது. அது காய்க்கலேன்னா நான் இங்க யாரு?"

"எங்க மாப்பிள்ளை," என்றார் வாசலில் நின்ற எஸ்தாக்கி. "சத்தம்தான ஒங்களுக்குப் பிரச்சன? பெட்டிய உள்ள வைங்க. ஊருக்கு நாங்க சொல்லிக்கிறோம்."

மறு வருசம் கார்த்திகையில் பிரகாசி தாலாட்டுப் பாடிப் பனி இறங்கிய நாளிலிருந்து, தை முடியும்வரை, சம்மனசுபட்டி வாயைப் பொத்திக்கொண்டது. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்ற பேச்சு வருவதைவிட, பேச்சே இல்லாமல் இருப்பது மேல் என்று ஊர் முடிவுசெய்திருந்தது. சேவல்களையெல்லாம் கூடையில் அள்ளிக் கீழப்பட்டிச் சொந்தக்காரர்களிடம் விட்டார்கள். மாட்டுக் கழுத்து மணிகளில் பஞ்சு அடைத்தார்கள். கோயில் மணியின் நாக்கில் சாக்கைச் சுற்றினார்கள், பாலன் பிறந்த செய்தியைச் சாமியார் கிசுகிசுப்பாக அறிவிக்க, முன் வரிசை பின் வரிசைக்குக் காதோடு காதாகச் சொல்லி அனுப்பியது. பொங்கல் பானை பொங்கியபோது வடக்குத் தெருக்காரர்கள் பானையைச் சுற்றி நின்று 'பொங்கலோ பொங்கல்' என்று உதட்டை மட்டும் அசைத்தார்கள், பொங்கல் வழக்கம்போலவே இனித்தது. இருமல்காரர்களுக்குப் பனங்கற்கண்டு வீடு தேடி வந்தது. புருசன் பெண்டாட்டிச் சண்டை வந்தால் இருவரும் கும்பாவில் சோற்றைக் கட்டிக்கொண்டு முல்லையாற்றங்கரைக்கு நடந்துபோய், தொண்டை வற்றச் சண்டை போட்டுவிட்டு வருவார்கள். அவ்வளவு தூரம் நடப்பதற்குள் பாதிச் சண்டை காரணம் மறந்து தீர்ந்துவிடும். சாவு விழுந்தால்கூட ஆற்றங்கரைக்குப் போய் மாரடித்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்துதான் தூக்கினார்கள். எஸ்தாக்கியே ஒரு மார்கழியில்தான் கண்ணை மூடினார், பிரகாசி அவருக்கான அழுகையை ஆற்றுக்குத்தான் கொண்டுபோனாள். வீரணனை ஊர் பட்டினி போடவில்லை. அந்த மாதங்களில் வீடு வீடாகப் போய் அறிவிப்புகளைக் காதில் சொல்லும் வேலை அவனுக்கு. மைக்செட் வீரணன் என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

அந்த முதல் முழுத் தூக்கம் முடிந்து வந்த புரட்டாசியில் கொடி காய்த்தது. ஊர்ப் பெண்கள் தொட்டியில் இறங்கி மிதிக்க, கஸ்பாரே தன் கையால் செய்த பீப்பாயில் ரசம் நுரைத்தது. மதுவிலக்குக் காலம் என்பதால் அதைக் குடிக்க முதல் உரிமை கடவுளுக்குத்தான் இருந்தது, பூசைக்குப் போனது. அந்தப் பூசைக்கு வந்த பிஷப் மேற்றிராணியார் ஒரு வாய் பருகியதும் செபத்தை மறந்து இன்னொரு வாயும் பருகினார், பிறகு மறைமாவட்டத்துக்கே அங்கிருந்துதான் வரவேண்டும் என்றார். தோட்டம் வளர்ந்தது. பீப்பாய்க் கொட்டகை ஒன்று இரண்டானது. சோதனைக்கு வந்த மதுவிலக்கு அதிகாரி, ஊர் எல்லையிலேயே ஜீப்பை அணைத்து ஆட்களை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பனிக்குள் நடந்து, கேட்க வேண்டியதைச் சைகையில் கேட்டுவிட்டுப் போனார். கஸ்பாரே கேட்டவர்களுக்கெல்லாம் குச்சி வெட்டிக் கொடுத்தார். பெற்ற பிள்ளையைக் கட்டிக்கொடுப்பதுபோல ஒவ்வொரு வீட்டுக்கும் பிரகாசியே போய்ப் பாடித் தூங்கவைத்துவிட்டு வந்தாள், அந்த வீட்டுப் பந்தலிலும் பனி விழுந்தது. முணுமுணுத்தவர்களின் வாய் அப்போதுதான் அடங்கியது. கஸ்பாரே பிரகாசியின் மகள் பிலோமி வளர்ந்து, கணக்கு வழக்கும் கொடி வெட்டும் கவாத்தும் கற்று, தோட்டத்தை எடுத்து நடத்தும் வயதுக்கு வந்தபோது சம்மனசுபட்டியில் பன்னீர் திராட்சை வைத்திருந்த வீடே இல்லை. ஊரின் ஒரு வருசச் சோறு அந்த மூன்று மாதத் தூக்கத்தில் இருந்தது.

மற்ற மாதங்களில் கஸ்பாரே ஒரு தினுசான ஆள். பாத்திரம் கீழே விழுந்தால் எழுந்து சுவரோடு ஒட்டி நிற்பார். திருவிழா வெடிக்குக் கட்டிலுக்கடியில் போய்விடுவார். வெள்ளைக்காரர்களுக்குக் காது பெருசு என்று ஊர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கொடி தூங்கும் மாதங்களில் மட்டும் வாயைத் திறந்துகொண்டு விடியவிடியத் தூங்குவார். ஊரிலேயே கேட்கிற ஒரே சத்தம் அவருடைய குறட்டைதான்.

"ஏங்க, இந்தக் குறட்டைக்குக் கொடி முழிச்சிராதா?" என்று பிரகாசி ஒருமுறை கவலையோடு கேட்டாள்.

"இது பரவாயில்ல," என்றார் கஸ்பாரே. "இது அதுக்குப் பழக்கம்."

அவர் இறந்தது ஒரு தை மாதத்தில், பட்டப்பகலில், பந்தலுக்குள். கவாத்துக் கத்தரியோடு ஏணியில் நின்றவர், இறங்கி, தூங்கப்போகிறவர்போலத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். குறட்டை கேட்கவில்லையே என்று போய்ப் பார்த்த பிலோமி, அம்மாவின் கையைப் பிடித்துச் சத்தமில்லாமல் கூட்டிவந்தாள். பந்தல்தான் வீட்டுக்கு வாசல் என்பதால் அவரைப் பனிக்குள்ளேயே பெஞ்சில் கிடத்தினார்கள். ஊர் திரண்டு வந்தது. செருப்புகளை வெளியே விட்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு பெண்கள் வரிசை வரிசையாக நின்றார்கள். பிரகாசி அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, முகத்தில் விழும் பனியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா," என்று பிலோமி காதருகில் குனிந்தாள். "அழுதுறாதம்மா. ஊரு முச்சூடும் இந்தக் கொடிய நம்பித்தான் கெடக்கு. அப்பா கட்டுன தோட்டம்மா."

"எந்திரித்தா, ஆத்தங்கரைக்குப் போவோம்," என்றார்கள் பெண்கள். "அழுதுட்டு வந்துருவோம். நாங்க அத்தன பேரும் கூட வாரோம்."

"அவரு இங்க கெடக்காரு," என்றாள் பிரகாசி கிசுகிசுப்பாக. "நான் அங்கிட்டுப் போயி யாரப் பாத்து அழ?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மைக்செட் வீரணன் முன்னால் வந்தான். வருசக்கணக்கில் காதோடு பேசிப் பேசி அவன் குரலே தேய்ந்திருந்தது. இப்போது அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாலு பேருக்குக் கேட்கும்படியே பேசினான்.

"அழுதுரு தங்கச்சி. கொடிக்காகவா ஊரு வாயப் பொத்துச்சு? மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டுப் போயிரக் கூடாதுன்னு பொத்துச்சு. இப்பப் போயிட்டாரே. இனி யாருக்காகப் பொத்தணும்?"

ஊர்க்காரர்கள் தங்கள் தங்கள் பந்தல் இருக்கும் திசையை ஒருமுறை பார்த்தார்கள். ஒரு வருசச் சோறு. பிறகு ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள்.

"முழிச்சா முழிக்கட்டும்," என்றாள் பிரகாசி. "அவரு முழிக்கலையே."

அவள் வாயைத் திறந்தாள். கல்யாணமான நாளிலிருந்து மதுரை பஸ்ஸைப் பார்த்துப் பார்த்து அடக்கிவைத்த அத்தனையும் சேர்ந்து வந்த அந்தக் குரலுக்குக் கீழப்பட்டியில் சேவல்கள் கூவின. பெண்கள் முந்தானையை உருவி எறிந்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் வேட்டை நாய்களைப்போல ஊளையிட்டார்கள். பையன்கள் ஓடிப்போய்க் கோயில் மணியின் சாக்கை அறுத்து அடித்தார்கள், கொட்டுக்காரர்கள் வந்தார்கள், வேட்டுப் போட்டார்கள், வீரணன் கூம்புக் குழாயைத் தூணில் கட்டி மைக்கைக் கொண்டுவந்து பிரகாசியின் முன்னாலேயே வைத்தான். அழுதுகொண்டே எல்லாரும் கொடியைப் பார்த்தார்கள்.

கொடி அசையவில்லை. பிலோமி கண்ணீரோடு எட்டி ஒவ்வொரு கணுவாகத் தடவிப் பார்த்தாள், மொட்டுகள் இறுக மூடியிருந்தன. அடுத்த வீட்டுப் பந்தலுக்கு ஓடியவர்கள் திரும்பி வந்து அங்கேயும் அப்படித்தான் என்றார்கள். வேட்டுச் சத்தத்துக்கு நடுவே பனி இன்னும் அடர்த்தியாக இறங்கிக் கணுக்காலை மூடியது. ஊர் வாயடைத்து நின்றது, இந்த முறை யாரும் சொல்லாமலே.

"அப்ப அன்னைக்கு அத எழுப்புனது என் பல்புச் சூடா?" என்றான் வீரணன். "அப்ப இத்தன வருசமா சத்தம் போடாதீங்கன்னது?"

பிரகாசி புருசன் முகத்தைப் பார்த்தாள். கொடி தூங்கும் மாதங்களில் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது அந்த முகம். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், இந்த மனுசனுடையது ஒரு மகள் வளர்ந்து ஆளாகும்வரை ஓடியிருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது, உயிரோடு இருந்தவரை 'ஏங்க' என்பதைத் தாண்டாதவள், அன்றைக்கு அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, ஊர் கேட்க, மைக் கேட்க, 'நீ' என்றாள்.

"அட மனுசா, கொடிக்குத் தூக்கம் வேணும்னு சொன்னியே, எனக்குத் தூக்கம் வேணும்னு ஒரு வார்த்த சொன்னியா? பீரங்கிச் சத்தம் காத விட்டுப் போகல பிரகாசி, கொஞ்ச நாள் எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லுன்னு கேட்டியா? கொடி காய்க்காமலே உனக்காக இந்த ஊரு வாயப் பொத்தியிருக்காதா, என் ராசா?"

"பொத்தியிருப்போமே," என்று சுற்றி நின்ற பெண்கள் வாங்கிப் பாடினார்கள், "எங்க மாப்பிள்ளைக்குப் பொத்தியிருப்போமே."